கோப்பிக்கு ஏன் அரிக்கிறது?

"சனிக்கிழமை மத்தியானம் லோரி வரும். நாயைக் கட்டித் தயாரா வச்சிருங்க."

மகன் லியோனல் இதைச் சொல்லிவிட்டுச் சுபாங் ஜெயாவிலுள்ள தன் வீட்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு போனதிலிருந்து, பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் யாரும் கோப்பியின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

கோப்பிக்கு இது எதுவும் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அரிப்பு.

இரண்டு மாதமாக அரிப்பு. வால் தொடங்கும் இடத்தில் முடி கொட்டி, தோல் சிவந்து, பொருக்குத் தட்டிக் கிடந்தது. பின்னங்காலால் சொறிவான். கால் எட்டாத இடத்தைப் பல்லால் கடிப்பான். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுச் சொறிவான். சிமெண்டுத் தரையில் அவன் கால் இடிபடும் 'டக் டக்' சத்தம்தான் அந்த வீட்டுக்கு இப்போது கடிகாரம்.

அந்த இரண்டு மாதமும் மகள் பிரெண்டா ஊரில் இல்லை. கிள்ளான் பக்கம் மேருவில் அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலை அவளை ஜொகூர் கிளைக்கு அனுப்பியிருந்தது. அதே தொழிற்சாலை வாசலில் மழையில் நனைந்து கிடந்த குட்டியை ஒரு காலத்தில் தூக்கி வந்தவள் அவள்தான். போன வாரம் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, பாதி முதுகு மொட்டையாகிப் போன கோப்பி வாலை ஆட்டிக்கொண்டே வந்து, நடுவழியில் உட்கார்ந்து சொறிய ஆரம்பித்துவிட்டான்.

அம்மா உர்சுலா சும்மா இருக்கவில்லை. மஞ்சள் பூசினார். வேப்பிலை அரைத்துத் தடவினார். தரை துடைக்கும் கிருமி மருந்தைத் தண்ணீரில் கலந்து தினமும் குளிப்பாட்டினார். நாய்ச் சாமான் விற்கும் கடைக்காரர் கோழிக்கறிதான் காரணம் என்றதும் கோழியை நிறுத்தினார். பின்தெருக்காரர் ஒருவர் பழைய என்ஜின் ஆயிலைத் தடவச் சொல்லி டின்னையே கொண்டுவந்து கொடுத்தார். அதை மட்டும் அப்பா ஸ்டானிஸ்லாஸ் விடவில்லை.

"நான் ரயில் ஓட்டுனவன். என்ஜின் ஆயில் என்ஜினுக்குத்தான்" என்று டின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம்தான் பேத்தியின் கழுத்தில் சிவப்புச் சிவப்பாக எதுவோ வந்தது.

லியோனலுக்கும் மாதவிக்கும் பிறந்த கைக்குழந்தை. வரும் ஞாயிற்றுக்கிழமை பாத்திமா மாதா கோயிலில் ஞானஸ்நானம். விருந்து தாத்தா வீட்டில். "நாய்க்குச் சொறி. அது என் பிள்ளைக்கு ஒட்டிக்கிச்சு. அந்த நாய் இருக்கிற வீட்டுக்கு என் பிள்ளை வராது" என்றான் லியோனல். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக்குக் காவல் நாய் வேண்டுமாம். சங்கிலியில் கட்டிப்போடுவார்களாம்.

உர்சுலா அழுதுவிட்டுச் சம்மதித்தார். ஸ்டானிஸ்லாஸ் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து போனார். பிரெண்டா மட்டும் சண்டை போட்டாள், தோற்றாள்.

தோற்றதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

* * *

சனிக்கிழமைக் காலை. உர்சுலா நாளைய பிரட்டலுக்கு ஆட்டுக்கறியைக் கழுவிக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் பிரெண்டா வந்து நின்றாள். ஒரு கையில் கார் சாவி. மறு கையில் கோப்பியின் கயிறு.

"மம்மி, இவனைக் கிள்ளானுக்குக் கூட்டிட்டுப் போறேன். குட்டியில ஊசி போட்டாங்களே, அந்த டாக்டர்கிட்ட."

"இன்னிக்கா? லோரி வருதுடி!"

"அதனாலதான் இன்னிக்கு. எதனால அரிக்குதுன்னே தெரியாம எப்படி மம்மி அனுப்புறது? ஒட்டிக்கிற நோய்னு டாக்டர் சொல்லட்டும், நானே தூக்கி லோரில ஏத்துறேன்."

உர்சுலா தன் கைகளைப் பார்த்தார். தினமும் கிருமி மருந்தில் தோய்ந்து விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. கோப்பி அவர் காலருகில் உட்கார்ந்து, சொறிவதை நிறுத்தாமலேயே அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"சீக்கிரம் வந்துரு" என்றார் உர்சுலா.

வெளியே காரின் பின் இருக்கையில் ஸ்டானிஸ்லாஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். கொதிக்கிற வெயிலில் முழுக்கால் சட்டை, காலுறை.

"டேடி, நீங்க எங்க?"

"அவன் கார்ல வாந்தி எடுப்பான். யாராச்சும் பிடிச்சிக்கணும்ல."

கோப்பி இதுவரை காரில் வாந்தி எடுத்ததே இல்லை. பிரெண்டா கதவைத் திறந்தாள். கோப்பி தாவி ஏறி அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டான்.

ஃபெடரல் ஹைவேயில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தபோது உர்சுலாவின் போன் வந்தது. பிரெண்டா ஸ்பீக்கரில் போட்டாள்.

"லியோனல் கூப்பிட்டான். லோரி முன்னாடியே கிளம்பிருச்சாம். நாய் எங்கன்னு கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"குளிப்பாட்டிட்டு இருக்கேன்னு சொல்லிட்டேன் லா. நாளைக்கு ஞானஸ்நானத்த வச்சிக்கிட்டு இன்னிக்கு என்னைப் பொய் சொல்ல வச்சிட்ட."

பின் இருக்கையில் ஸ்டானிஸ்லாஸ் சிரித்துவிட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது என்று பிரெண்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

* * *

டாக்டர் உஸ்மா கையுறையை மாட்டிக்கொண்டார். உடனே கோப்பியைத் தொடவில்லை. அவன் தரையில் உட்கார்ந்து சொறிவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்க அதிகமா கடிக்கிறான்?"

"வாலுக்கு மேலதான் டாக்டர். தொடை. அப்புறம் பாதத்த நக்கிக்கிட்டே இருக்கான். பிள்ளைக்குச் சொறி ஒட்டிக்கிச்சுன்னு அண்ணன் பயப்படுறார்."

"சரி. அரிப்புன்னு வந்தா காரணம் ஒண்ணு இல்ல பிரெண்டா. பூச்சி, தொற்று, தூசி, புல்லு, சாப்பாடுன்னு எதுவா இருந்தாலும் நாய் இதே மாதிரிதான் சொறியும். ஒண்ணொண்ணா தள்ளிட்டு வரணும். பயப்படுறதத்தான் முதல்ல பார்ப்போம்."

சின்னப் பிளேடால் காது ஓரத்திலும் முழங்கையிலும் முதுகிலும் மெதுவாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தேய்த்துக்கொண்டார்.

"தோலுக்குள்ள துளை போடுற சொறிப்பூச்சி ஒண்ணு இருக்கு. உங்க அண்ணன் பயப்படுறது அதுக்குத்தான். அது இருந்தா அவர் சொல்றது சரி. மனுஷங்களையும் அரிக்கும்."

பிரெண்டாவுக்கு அம்மாவிடம் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. டாக்டர் நுண்ணோக்கியில் குனிந்தார். ஒரு தகடு. இன்னொரு தகடு. ஸ்டானிஸ்லாஸ் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இல்ல" என்றார் டாக்டர்.

"இல்லைன்னா?"

"ஒண்ணுகூட இல்ல. அது வந்தா காது ஓரத்தையும் முழங்கையையும்தான் முதல்ல பிடிக்கும். இவனுக்கு அங்கெல்லாம் சுத்தமா இருக்கு. என் கண்ணுக்குத் தப்பியிருந்தாலும், நான் தரப்போற மாத்திரை அதையும் கொன்னுடும். கவலைய விடுங்க."

பிரெண்டா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஆனா எதுவோ இருக்கு" என்று டாக்டர் நெருக்கமான பல் வைத்த சீப்பை எடுத்து வாலடியில் வாரினார். சீப்பில் மிளகுப்பொடி போலக் கறுப்பாகக் கொஞ்சம் வந்தது. அதை ஈரமான வெள்ளை டிஷ்யூவில் தட்டினார். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மெல்லச் செந்நிறம் பரவியது.

"மண்ணு மாதிரி இருந்துச்சே!" என்றாள் பிரெண்டா.

"ரத்தம். தெள்ளுப்பூச்சி குடிச்ச ரத்தம் கழிவா விழுந்திருக்கு."

"நான் ஒரு வாரமா தேடுறேன், ஒரு பூச்சியும் கண்ணுல படல."

"படாது. கடிச்சுக் கடிச்சு இவனே முழுங்கிடுறான். சில நாய்க்கு அதோட எச்சில் ஒத்துக்காது. நாலஞ்சு கடி போதும், முதுகு பூரா நெருப்பா எரியும். சொறிஞ்ச இடத்துல தொற்று சேர்ந்திருக்கு. அதான் இந்த வாடை." கோப்பியின் தோலை விரலால் நீவினார். "தோல் ரொம்ப வறண்டிருக்கே. என்னத்துல குளிப்பாட்டுனீங்க?"

பிரெண்டா சொன்னாள்.

"தரைக்குப் போடுறத நாய்க்குப் போடாதீங்க. மஞ்சளும் வேணாம். ஆனா அம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க. அன்பாலதான செஞ்சிருக்காங்க."

இதைச் சொல்லும்போதே டாக்டரின் பார்வை ஸ்டானிஸ்லாஸ் பக்கம் போனது. அவர் ஒரு காலை மறு காலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், உங்களுக்கும் அரிக்குதா?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

"கொஞ்சம் காட்டுங்க."

அவர் தயங்கினார். பிறகு குனிந்து கால்சட்டையை மடித்து, காலுறையை இறக்கினார். கணுக்காலைச் சுற்றிலும் வரிசை வரிசையாகச் சிவந்த தடிப்புகள்.

"டேடி!" பிரெண்டா மண்டியிட்டுவிட்டாள். "ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன ஆகும்?" ஸ்டானிஸ்லாஸ் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் இவன்கிட்டருந்துதான் வந்துச்சும்பாங்க. அன்னிக்கே அனுப்பியிருப்பாங்க. இவன் இல்லன்னா காலைல நான் எதுக்குடா எழுந்திரிக்கணும்?"

பிரெண்டா அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் குனிந்து தடிப்புகளைப் பார்த்தார்.

"அங்கிள், இது இவன் உங்களுக்குக் கொடுத்தது இல்ல. உங்க ரெண்டு பேரையும் ஒரே பூச்சி கடிக்குது. அப்படின்னா அது நாய் மேல மட்டும் இல்ல, வீட்டுல ஒரு இடத்துல இருக்கு. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எங்க இருப்பீங்க?"

"ஹால்ல. சாயங்காலம் நான் டிவி பார்ப்பேன். அவன் பக்கத்துல படுத்திருப்பான்."

"எதுல?"

"சோபாவுல."

"அது எப்ப வாங்குனது?"

ஸ்டானிஸ்லாஸ் மகளைப் பார்த்தார். "நீ ஜொகூர் போன வாரம் வந்துச்சு. லியோனல் புதுசு வாங்கினான். பழசு அவன் வீட்டுப் போர்ச்சில சும்மாதான் கிடந்துச்சு, எடுத்துக்கங்கன்னான். ஏதோ தெருப்பூனை அதுலதான் குட்டி போட்டுச்சுன்னு மாதவி சொல்லிச்சு."

டாக்டர் உஸ்மா புன்னகைத்தார். "பூனை போயிருக்கும், தெள்ளுப்பூச்சியோட கூடு இருக்கும். அந்தக் கூட்டுக்குள்ள பூச்சி மாசக்கணக்கா தூங்கும். யாராச்சும் வந்து உட்கார்ந்தா அந்தச் சூட்டுல முழிச்சிக்கும்."

அரிப்பை அடக்கும் மாத்திரை ஒன்றை அங்கேயே கோப்பியின் வாயில் போட்டார். பூச்சிக்கு மாதம் ஒரு மாத்திரை. தொற்றுக்கு ஷாம்பு, நுரை பத்து நிமிடம் தோலில் ஊற வேண்டும். துணிகளைச் சுடுதண்ணீரில் துவைக்க வேண்டும், தரையை வாக்குவம் மெஷினால் உறிஞ்ச வேண்டும். "கூட்டுலருந்து இன்னும் சில வாரம் புதுசு புதுசா வரும். பயந்து மாத்திரைய நிறுத்திடாதீங்க. அதுக்கப்புறமும் அரிச்சா, அப்ப சாப்பாட்டப் பார்ப்போம். அதுவரைக்கும் பாவம், கோழி கொடுங்க அவனுக்கு."

* * *

வீட்டு வாசலில் லோரி நின்றது. ஓட்டுநர் ராஜன் ஐஸ் தேநீர்ப் பொட்டலத்தை உறிஞ்சிக்கொண்டு நிழலில் நின்றிருந்தான். போர்ச்சில் மாதவி குழந்தையை மடியில் வைத்திருந்தாள். லியோனல் ஹாலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"குளிப்பாட்டுறதுக்குக் கிள்ளான் வரைக்குமா போகணும்?"

உர்சுலா தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணா, டாக்டர் பார்த்துட்டாங்க" என்றாள் பிரெண்டா. "சொறிப்பூச்சி இல்ல. இவன்கிட்டருந்து யாருக்கும் சொறி ஒட்டாது."

"அப்புறம் பிள்ளைக்கு எப்படி வந்துச்சு?"

"பிள்ளைக்கு என்ன வந்துச்சு?" கேட்டது மாதவி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"கழுத்துல வந்துச்சே..."

"அது வேர்க்குரு! பிள்ளையப் பார்த்த டாக்டர் அன்னிக்கே சொன்னாரே, நீங்கதான பக்கத்துல நின்னீங்க? காத்தோட்டமா விட்டதும் போயிருச்சு." குழந்தையின் சட்டைக் கழுத்தை விலக்கிக் காட்டினாள். மடிப்பு மடிப்பான, மாசில்லாத கழுத்து. "நாயாலன்னா சொன்னீங்க? அத்தை, நாய அனுப்புறது உங்க முடிவுன்னுல்ல இவர் என்கிட்ட சொன்னார்?"

உர்சுலா மகனைப் பார்த்தார். அந்தப் பார்வையை லியோனல் சிறுவயதில் சந்தித்திருக்கிறான்; அதற்குப் பிறகு இன்றுதான்.

"சரி, வேர்க்குருன்னே வச்சிக்குவோம்" என்றான். "நாய்கிட்ட பூச்சி இருக்குதான? அத யாரு கொண்டு வந்தா?"

ஸ்டானிஸ்லாஸ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவசரமில்லாமல் கால்சட்டையை மடித்தார்.

"ஐயோ, என்னங்க இது? சுகரா?" உர்சுலா பதறினார்.

"சுகரும் இல்ல, நாயும் இல்ல. உன் மகன் கொடுத்த சோபா."

லியோனல் சிரிக்கப் பார்த்தான். பிரெண்டா பேசவில்லை. சோபாவின் மெத்தையைத் தூக்கி நிமிர்த்தினாள். தையல் ஓரமெல்லாம் சாம்பல் நிற முடி.

"பூனை முடி. நம்ம வீட்டுல எப்ப அண்ணா பூனை இருந்துச்சு?"

ஈரமான வெள்ளை டிஷ்யூவை அடியில் பிடித்து மெத்தையைத் தட்டினாள். கறுப்புப் பொடி விழுந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ராஜன்கூட வாசல்படி வரை வந்து எட்டிப் பார்த்தான். வெள்ளையில் சிவப்பு மெல்ல ஊறியது.

"ரத்தம்" என்றாள் பிரெண்டா. "டேடியோடதும் கோப்பியோடதும்."

அப்போது மெத்தையிலிருந்து ஒரு கறுப்புப் புள்ளி துள்ளியது. துள்ளி, லியோனலின் வெள்ளைக் காலுறையில் போய் உட்கார்ந்தது. "ஆ!" என்று அவன் ஒற்றைக் காலில் குதித்தான். மாதவி குழந்தையோடு சிரித்துக்கொண்டே போர்ச்சின் கடைசிக்கு ஓடிவிட்டாள். ஸ்டானிஸ்லாஸ் தொடையைத் தட்டிச் சிரித்தார். உர்சுலா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"தம்பி, லோரில இடம் இருக்கா?"

"இருக்கு ஆன்டி. நாய் ஏத்தத்தான வந்தேன்."

"நாய் போகல. இது போகுது. நேரா குப்பைக் கிடங்குல போட்டுரு, வேற யாரு வீட்டுக்கும் போகக் கூடாது." மகன் பக்கம் திரும்பினார். "பிளாஸ்டிக் தாள் இருக்கு, நல்லாச் சுத்து. அந்தப் பக்கம் நீ தூக்கு."

"மம்மி, நான்..."

"தூக்குடா!"

லியோனல் தூக்கினான். சோபா வாசல்படியைத் தாண்டும்போது கோப்பி அதைப் பார்த்து ஒரே ஒரு தடவை குரைத்தான். உர்சுலா அவன் முன் குந்தி, வெடித்த கைகளால் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிருடா ராஜா. இன்னிக்கு உனக்குக் கோழி" என்றார்.

* * *

உர்சுலாவின் கட்டளைப்படி நாளைய பந்தி வாசலில் கூடாரத்துக்கு மாறியது. ஸ்டானிஸ்லாஸ் ஹாலை வாக்குவம் செய்தார்; பழைய ரயில்காரர் அல்லவா, மூலை முடுக்கைக்கூட விடவில்லை. திரைச்சீலையெல்லாம் சுடுதண்ணீரில் கிடந்தது. பேத்தி பாட்டியின் தோளில் போர்ச்சுக் காற்றில் தூங்கிவிட்டாள்.

பின்கட்டுக் குழாயடியில் பிரெண்டா கோப்பிக்கு ஷாம்பு தேய்த்தாள். மாதவி சட்டைக் கைகளைச் சுருட்டிக்கொண்டு தானாகவே வந்து உட்கார்ந்தாள். இருவருமாக நுரையை ஊறவிட்டார்கள். கோப்பி கண்ணை மூடி நின்றான். ஒரு தடவைகூடச் சொறியவில்லை.

"பாருங்க அண்ணி! மாத்திரை வேலை செய்யுது!" பிரெண்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாதவி கோப்பியின் காதை நீவிக்கொண்டிருந்தாள்.

"பிரெண்டா, இப்பதான் எனக்குப் புரியுது" என்றாள் தாழ்ந்த குரலில். "அவருக்கு ஆஸ்திரேலியாவுல, பெர்த்ல வேலை கிடைச்சிருக்கு. போறதுன்னு முடிவே பண்ணிட்டார். மாமா அத்தையையும் கூட்டிட்டுப் போகணும், இந்த வீட்ட வித்துடணும்னு அவருக்கு ஆசை. பேசிட்டேன், சம்மதிச்சிட்டாங்கன்னுதான் என்கிட்ட சொன்னார்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லியிருக்க மாட்டார். கோப்பி இருக்கிற வரைக்கும் மாமா இந்த வீட்ட விட்டு அசையமாட்டார்னு அவருக்குத் தெரியும்."

பிரெண்டாவின் கை நுரைக்குள் நின்றது. பிறகு மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தது.

"இன்னும் பத்து நிமிஷம் ஆகல அண்ணி. காயவிடாம தேயுங்க."

வெயில் தாழ்ந்தபோது கோப்பி, உலர்ந்த உடம்போடு, தன்னைக் கடிக்காமலிருக்க டாக்டர் கழுத்தில் மாட்டக் கொடுத்த பிளாஸ்டிக் கூம்போடு வாசல்படியில் குறுக்கே நீட்டிப் படுத்தான். படுத்தவுடனே தூங்கிவிட்டான். கால் அசையவில்லை, வயிறு மட்டும் ஏறி இறங்கியது. வீட்டில் 'டக் டக்' இல்லை. ஸ்டானிஸ்லாஸ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லியோனல் கார் சாவியை எடுத்தான். வெளியே போக வேண்டுமானால் கோப்பியைத் தாண்டித்தான் போக வேண்டும். மெதுவாக ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான்.

"அண்ணா" என்றாள் பிரெண்டா, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நன்றாகக் கேட்கும்படி. "பெர்த்ல இப்ப குளிரா இருக்குமா?"

ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக லியோனல் அப்படியே நின்றான்.

ஸ்டானிஸ்லாஸ் நாயிடமிருந்து கண்ணை எடுத்து, மகனை நிமிர்ந்து பார்த்தார்.